வாட்டர் பார்க், அதுக்கு அடியில இருக்கிற நிலம், அப்புறம் நம்ம குத்தாலம்

2025 டிசம்பர்ல சென்னை பக்கம் திருப்போரூர் இள்ளலூர்ல வொண்டர்லா திறந்ததுல இருந்து எங்க செட்டுல ரெண்டு பேச்சு ஓடிக்கிட்டு இருக்கு. ஒண்ணு, சென்னையைச் சுத்தி இருக்கிற பழைய பார்க்குகளோட கதி இனி என்ன? புதுப்பிப்பாங்களா, வித்துட்டுப் போயிடுவாங்களா? இன்னொண்ணு இதைவிடச் சூடான பேச்சு. நம்ம குத்தாலமும் பழசாப் போச்சு, கூட்டமும் குப்பையுமா இருக்கு, பேசாம அதையும் ஒரு தீம் பார்க் மாதிரி மாத்தி கேட் வச்சு டிக்கெட் போட்டா என்ன?

ரெண்டும் சம்பந்தம் இல்லாத விஷயம் மாதிரி தெரியும். எனக்கென்னவோ ரெண்டும் ஒரே விஷயம்னுதான் படுது. ரெண்டுக்கும் பதில் தண்ணியில இல்ல, நிலத்துல இருக்கு. (பி.காம். படிக்கிற ஆளுக்கு அருவியைக் காட்டினாலும் பேலன்ஸ் ஷீட்டாதான் தெரியும், பொறுத்துக்கோங்க மக்களே :-) )

முதல்ல கொஞ்சம் வெளிநாட்டுக் கதை. அமெரிக்காவுல ஆர்லாண்டோன்னு ஒரு ஊர். டிஸ்னி, யுனிவர்சல்னு பெரிய பெரிய தீம் பார்க் எல்லாம் அங்கதான். அந்த ஊர்ல 1977ல ஜார்ஜ் மில்லேங்கிறவர் வெட் அண்ட் வைல்டுன்னு ஒரு வாட்டர் பார்க் தொடங்கினார். இன்னைக்கு நாம வாட்டர் பார்க்னு சொல்ற வடிவமே அங்க இருந்து பரவினதுதான். 1998ல அது யுனிவர்சல் கைக்குப் போச்சு. ஆனா அடியில இருந்த நிலம் குத்தகை நிலம், வேற ஆளுக்குச் சொந்தம். 2013ல அந்த நிலத்தையும், கிட்டத்தட்ட 50 ஏக்கர், யுனிவர்சல் வாங்கிருச்சு. ரெண்டே வருஷத்துல, 2015ல, பார்க்கை மூடப் போறோம்னு அறிவிப்பு வந்துச்சு. 2016 டிசம்பர் 31 கடைசி நாள். நாப்பது வருஷம் ஓடின பார்க். கூட்டம் வராம மூடினாங்களான்னா அதுவும் இல்ல. இன்னைக்கு அந்த இடத்துல 2,800 ரூம் உள்ள ஹோட்டல் இருக்கு. யுனிவர்சல் 2017ல தன்னோட ரிசார்ட் வளாகத்துக்குள்ளயே வால்கேனோ பேன்னு புது வாட்டர் பார்க் கட்டிக்கிச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நிலம் ஒருத்தர்கிட்ட, பார்க் ஒருத்தர்கிட்ட இருந்த வரைக்கும் பார்க் பார்க்காவே இருந்துச்சு. பார்க் நடத்துறவன் வாடகையைக் கட்டிட்டு சறுக்கு ஓட்டிக்கிட்டு இருந்தான். ரெண்டும் ஒரே கைக்கு வந்த உடனே, "இந்த 50 ஏக்கர்ல சறுக்கு லாபமா, ரூம் லாபமா"ங்கிற கேள்வி வந்துருச்சு. அந்தக் கேள்வி வந்துட்டா சறுக்கு ஜெயிக்கிறது கஷ்டம்.

அதே ஊர்ல டிஸ்னி 1976ல திறந்த ரிவர் கன்ட்ரி கதை இன்னும் பரிதாபம். 2001ல மூடினாங்க. பதினஞ்சு வருஷத்துக்கு மேல புதர் மண்டிக் கிடந்துச்சு. "திரும்பத் திறக்கப் போறாங்க", "புதுசா வேற பார்க் வரப் போகுது"ன்னு ரசிகர்கள் ஊகிச்சுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில அந்த இடத்துக்கு டிஸ்னி போட்ட திட்டமும் தங்கும் விடுதிதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். எங்க வயசுப் பிள்ளைகளை விட எங்களுக்கு முந்தின செட்டுக்கு கிஷ்கிந்தான்னா உசுரு. திருநெல்வேலி, பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்கள்ல "சென்னை டூர்"னா வண்டலூர், மெரினா, கிஷ்கிந்தாதான்னு சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கேன். 1995ல தாம்பரம் பக்கம் அதைத் தொடங்கினவர் நவோதயா அப்பச்சன். ஆமா, 1984ல 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த அதே மலையாளப் படக்காரர். முப்பரிமாணப் படம் எடுத்த ஆள் முப்பரிமாணத்துலயே ஒரு உலகம் கட்டிப் பார்த்தார்னு வச்சுக்கலாம். 2012ல அவர் காலமானார். 2016 மே மாசம் ஒரு ரைடை சோதனை ஓட்டம் பார்க்கும்போது அது சரிஞ்சு விழுந்து ஊழியர் ஒருத்தர் இறந்துட்டார். அதுக்கப்புறம் பழைய கிஷ்கிந்தாவா அது திரும்பவே இல்ல.

அந்த இடத்துல என்ன வரும்னு வதந்தி எழுத நான் வரல. எனக்குத் தெரிஞ்சது கணக்கு. 1995ல தாம்பரத்துக்கு வெளியே நூறு ஏக்கர்னா யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாங்க. 2021ல தாம்பரம் மாநகராட்சியே ஆயிருச்சு. பார்க் நகரல, ஊர்தான் நகர்ந்து பக்கத்துல வந்து நின்னுச்சு.

இங்கதான் எங்க அக்கவுண்ட்ஸ் பாடம் வருது. பேலன்ஸ் ஷீட்டுல சறுக்குக்கு வருஷா வருஷம் தேய்மானம் போடுவோம். வெயில்ல ஃபைபர் வெளுத்து, விரிசல் விட்டு, பத்துப் பதினஞ்சு வருஷத்துல அதோட மதிப்பு ஒண்ணுமில்லாமப் போயிடும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. அதுவும் வாங்கின விலையிலேயே புத்தகத்துல தூங்கிக்கிட்டு இருக்கும். 1995ல வாங்கின நிலம் 1995 விலையிலதான் நிக்கும். அதனால புத்தகத்தைப் பார்த்தா பார்க் சுமாரா லாபத்துல ஓடுற மாதிரி இருக்கும். நிலத்தோட இன்னைய விலையைப் போட்டுப் பார்த்தாதான் சங்கதி தெரியும்.

ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம் (எந்தப் பார்க்கோட கணக்கும் இல்ல, நானா போட்டது). 50 ஏக்கர், ஏக்கர் 2 கோடி. நிலத்தோட மதிப்பு 100 கோடி. அதை வித்து 7 சதவீதத்துல போட்டு வச்சா வருஷம் 7 கோடி, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலே வரும். இப்ப பார்க்கை ஓட்டுவோம். வருஷத்துக்கு 2 லட்சம் பேர், ஆளுக்கு 700 ரூபாய் டிக்கெட். 14 கோடி. அதுக்குள்ளயே 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கு, அதைக் கழிச்சா 11 கோடியே 86 லட்சம். சம்பளம், கரண்டு, குளோரின், ஃபில்டர், பம்ப், ரைடு பராமரிப்பு, இன்சூரன்ஸ், விளம்பரம் எல்லாம் சேர்த்து 9 கோடின்னு வைங்க. மிச்சம் 2 கோடியே 86 லட்சம். வெயில்ல நின்னு, ஆயிரம் பிள்ளைகளுக்குப் பொறுப்பா இருந்து, ராத்திரி தூக்கம் கெட்டு சம்பாதிக்கிறது மூணு கோடி கூட இல்ல. சும்மா இருந்தா ஏழு கோடி. இதைத்தான் பிளஸ் ஒன் எக்கனாமிக்ஸ்லயே வாய்ப்புச் செலவுன்னு படிச்சோம். அப்ப அது பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான்.

ஆக, "பழைய பார்க்கை நல்லா புதுப்பிச்சா ஓடும்"னு சொல்றவங்க பாதிதான் சரி. ஓடும். ஆனா புதுப்பிக்கிறதுக்கு இன்னும் பல கோடி போடணும், போட்டாலும் நிலத்தோட வட்டியைத் தாண்டணும். நகரம் தொட்டுட்ட இடத்துல அது நடக்கிறது அபூர்வம். வொண்டர்லா ஏன் ஊருக்குள்ள இல்லாம திருப்போரூர் தாண்டிப் போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 611 கோடி ரூபாய் முதலீடு. அதுக்கே பல வருஷம் தாமதம், காரணம் டிக்கெட் மேல ஜிஎஸ்டி போக 10 சதவீத உள்ளாட்சி கேளிக்கை வரியும் இருந்தது. அதுக்கு விலக்கு கிடைச்ச பிறகுதான் வேலை வேகம் எடுத்துச்சு. 2000ல கொச்சியில வீகாலேண்டுன்னு தொடங்கி (நம்ம பக்கத்துப் பள்ளிக்கூட டூர் பஸ் எல்லாம் ஆரியங்காவு வழியா அங்க போனது இன்னொரு கதை), 2005ல பெங்களூர், 2014ல பங்குச் சந்தைன்னு வந்த கம்பெனிக்கே இந்தப் பாடு. தனி ஆள் ஒருத்தர் ஆசையில கட்டின பார்க்குக்கு எவ்வளவு கஷ்டம்னு சொல்லவே வேண்டாம்.

இப்ப குத்தாலத்துக்கு வர்றேன்.

பேரருவி, ஐந்தருவி, பழைய குத்தாலம், புலியருவி, சிற்றருவின்னு இது எத்தனை வருஷம் பழைய வாட்டர் பார்க்? குற்றாலக் குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் காலத்துலயே புகழ் பெற்ற இடம், அதுக்கே முன்னூறு வருஷம் பக்கம் ஆகுது. இங்க சறுக்குக்குத் தேய்மானம் கிடையாது. பொங்குமாங்கடல்ல விழுந்து பொங்கி வர்ற தண்ணிக்கு பம்ப் கிடையாது, கரண்டு பில் கிடையாது. அந்தத் தண்ணிதான் சிற்றாறா ஓடி தாமிரபரணியில சேருது, வழியில வயலுக்கும் பாயுது. ஒரே தண்ணி, ஒரு தடவை நம்ம தலையில விழுந்துட்டு வேலைக்குப் போகுது!

இவ்வளவு மவுசு உள்ள இடம் ஏன் இன்னும் வில்லாவாகவோ ஹோட்டலாகவோ மாறல? யாருக்கும் சொந்தம் இல்லாததால. மேல காடு, கீழ கோயில், நடுவுல பேரூராட்சி. "இந்த 50 ஏக்கர்ல குளியல் லாபமா, ரூம் லாபமா"ன்னு கேட்கிறதுக்கு ஒரு தனி முதலாளி இல்ல. அருவிக்குக் கீழ பாறைக்கு இன்னைக்கு சந்தை விலை போட்டா சென்னையில பாதியை வாங்கலாம். போட ஆள் இல்லாததாலதான் நாம இலவசமா குளிக்கிறோம்.

போட முயற்சி பண்ணாம இல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல சில தனியார் ரிசார்ட்டுகள் இயற்கையா வர்ற தண்ணியை மேலேயே திருப்பி, தங்களோட விருந்தாளிகளுக்குன்னு செயற்கை அருவி கட்டுன விவகாரம் 2022ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போச்சு. அப்படிப்பட்ட செயற்கை அருவிகளை மூடணும், திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட மாவட்டங்கள்ல ஆய்வு பண்ணணும்னு கோர்ட் உத்தரவு போட்டுச்சு. எனக்கு அந்தச் செய்தி படிச்சப்ப வந்த கோபம் சுற்றுச்சூழல் கோபம் மட்டும் இல்ல. ஊர் பொதுவுல விழுற தண்ணியை ஒரு வளைவு முன்னாடியே பிடிச்சு, அதுக்கு ரூம் வாடகை போட்டு விக்கிறது பச்சையா ஏமாத்து வேலை. சரக்குக்கு அடக்க விலை பூஜ்யம், விக்கிற விலை உங்க இஷ்டம்!

சரி, டிக்கெட் போடணும்னு சொல்றவங்க கட்சி என்ன? "காசு வாங்கினாதான் சுத்தமா இருக்கும், கூட்டம் குறையும், பாதுகாப்பு வரும்." இதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். சீசன் ஞாயித்துக்கிழமையில ஐந்தருவியில நின்னு பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா கேட் வச்சா யார் குறைவாங்கன்னு யோசிங்க. கார்ல வந்து பிரானூர் பார்டர்ல புரோட்டாவும் சிக்கனும் சாப்பிட்டுட்டுப் போறவங்க குறைய மாட்டாங்க. வொண்டர்லாவுல ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல. குத்தாலத்துக்கு அவ்வளவு போட மாட்டாங்கதான். 200 போட்டாலே, சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து வேன் பிடிச்சு வர்ற, பீடி சுத்துற வீட்டுல அஞ்சு பேருக்கு ஆயிரம். வருஷத்துக்கு ஒரு தடவை குளிக்க வர்றவங்களை நிறுத்திட்டு, கூட்டம் குறைஞ்சிருச்சுன்னு சொல்லிக்கலாம். அப்புறம் டிக்கெட் வசூல்னு ஒண்ணு வந்துட்டா, அதைக் குத்தகைக்கு எடுக்க ஒருத்தர் வருவார். எடுத்தவர் போட்ட காசை எடுக்கணும். அப்ப அந்தப் பழைய கேள்வி, எது லாபம்ங்கிற கேள்வி, கேட் வழியா உள்ள நுழைஞ்சுரும்.

அப்ப அப்படியே விட்டுரலாமான்னா, அதுவும் இல்ல. குத்தாலத்துக்குப் புதுப்பிப்பு கண்டிப்பா வேணும். ஆனா தீம் பார்க்காரங்ககிட்ட இருந்து எடுக்க வேண்டியது ரைடை இல்ல. நாம கண்ணுக்குத் தெரியாம விட்டுடற சமாசாரங்களை. நல்ல வாட்டர் பார்க்கோட உசுரு எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? உடை மாத்துற அறையில. சாமான் வைக்கிற லாக்கர்ல. கழிப்பறையில. குளத்துக்குப் பக்கத்துல விசிலோட நிக்கிற பையன்கிட்ட. நம்ம அருவிகள்ல பெண்களுக்குக் குளிக்கத் தனி இடம் உண்டு. ஆனா ஈரத் துணியோட எங்க போறது? ஒரு அம்மா சேலையை விரிச்சுப் பிடிச்சு மறைக்க, உள்ள நின்னு பொம்பளைப் பிள்ளைங்க சுடிதார் மாத்துறதைப் பார்க்காதவங்க நம்மள்ல யாரு? கைப்பிள்ளையோட வர்றவங்க, முட்டு வலிக்கிற ஆச்சிகள், மாதவிலக்கு நாள்ல மாட்டிக்கிட்டவங்க, இவங்களுக்கெல்லாம் குத்தாலம் முன்னூறு வருஷமா ஒரே மாதிரிதான் இருக்கு. பூங்கா, பொம்மை, செல்ஃபி எடுக்கிற இடம்னு எது கட்டுறதுக்கு முன்னாடியும் அங்கதான் முதல் ரூபாய் போகணும்.

ரெண்டாவது ரூபாய் எச்சரிக்கைக்கு. 2024 மே 17, பழைய குத்தாலம். கோடை மழை, மலை மேல எங்கயோ பெய்யுது, கீழ சாரல் கூட பெருசா இல்ல. திடீர்னு வெள்ளம் இறங்குச்சு. திருநெல்வேலியில இருந்து குடும்பத்தோட வந்த பதினேழு வயசு பள்ளி மாணவன் அடிச்சுட்டுப் போயி இறந்துட்டான். எங்களை விட நாலஞ்சு வயசு சின்னப் பையன். அந்த வீடியோவை நாங்க எல்லாருமே பார்த்தோம், ஓடுற கூட்டத்தை. வாட்டர் பார்க்ல வேவ் பூல் தொடங்குறதுக்கு முன்னாடி மணி அடிப்பாங்க. அங்க அலை வர்றது ஒரு சுவிட்ச்சால. இங்க அலை எப்ப வரும்னு மலைக்குத்தான் தெரியும், அப்ப மணி இன்னும் அவசியம் இல்லையா? மேல மழைமானி, தண்ணி ஏறினா தானா அலறுற சைரன், சீசனோ சீசன் இல்லையோ எல்லா நாளும் ஆள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்ல.

மூணாவது, சோப்பு ஷாம்பு. தடை இருக்கு. தடை போர்டுக்குக் கீழயே பாக்கெட் கிடக்கும். கடையில விக்கிறதை நிறுத்தாம அருவியில நிறுத்த முடியாது, அவ்வளவுதான் அதுல சொல்ல இருக்கு.

காசு எங்க இருந்து வரும்? இப்பவே வருது. வண்டி நிறுத்துற கட்டணம், சீசன் கடை ஏலம் எல்லாம் சும்மா இல்ல. மங்குஸ்தான், நேந்திரங்காய் சிப்ஸ் விக்கிற அண்ணாச்சிங்க கொடுக்கிற கடை வாடகையும் இதுல சேர்த்தி. என் கோரிக்கை ரொம்பச் சின்னது: இந்த வரவு எல்லாத்தையும் ஒரே தனிக் கணக்குல வைங்க, அருவிப் பக்கம் செலவு பண்ணுறதை அதுல இருந்தே காட்டுங்க, வருஷம் ஒரு தடவை வரவு செலவை ஒரு பெரிய போர்டுல எழுதி பேருந்து நிலையத்துல வைங்க. டேலியில போட்டுத் தர எங்க கிளாஸ்லயே முப்பது பேர் ரெடி. லாக்கருக்கும் வெந்நீர் ஷவருக்கும் பத்து இருபது ரூபாய் வாங்கினாலும் யாரும் அழ மாட்டாங்க. அருவி இலவசம், வசதிக்குக் காசு. இந்த வரிசை மாறக் கூடாது.

"அப்ப நம்ம பக்கம் வாட்டர் பார்க்கே வேண்டாமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். வரட்டும், ஆனா கணக்குத் தெரிஞ்சு வரட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் அம்பது கிலோமீட்டர் சுத்துல இலவசமா அருவி விழும்போது யாரும் காசு கொடுத்து பைப் தண்ணியில குளிக்க மாட்டாங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. ஆக, கல்லா நிறையுறது ஏப்ரல், மே பள்ளிக்கூட லீவுலதான். அப்ப குத்தாலம் பெரும்பாலும் காஞ்சு பாறையா கிடக்கும். பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குத்தான் கூட்டம் ஓடும். அந்த ரெண்டு மாசத்துக்குச் சந்தை உண்மையிலேயே இருக்கு. சிக்கல் என்னன்னா, தாமிரபரணியை நம்பி திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிதண்ணிக்கு எண்ணி எண்ணிச் செலவு பண்ணுறதும் அதே ரெண்டு மாசம்தான். 2016, 2017ல கங்கைகொண்டான் சிப்காட் குளிர்பான ஆலைகளுக்கு ஆத்துத் தண்ணி கொடுக்கிறதுல எவ்வளவு போராட்டம், வழக்குன்னு ஞாபகம் இருக்கும். வாட்டர் பார்க் அதே தண்ணியைத்தான் சுத்திகரிச்சு திரும்பத் திரும்பச் சுத்துது, உண்மைதான். ஆனாலும் வெயில்ல ஆவியாகிறதுக்கும் ஃபில்டர் கழுவுறதுக்கும் தினமும் புதுத் தண்ணி ஊத்தணும்.

அதனால வர்றதா இருந்தா மூணு நிபந்தனை போடுவேன். வயல் நிலத்துல வேண்டாம், கார் சாகுபடியும் பிசானமும் போட்ட இடம் திரும்பி வராது, நாலுவழிச் சாலைப் பக்கம் தரிசு எவ்வளவோ கிடக்கு. ஆத்துத் தண்ணி கிடையாது. மூணாவது, இதுதான் முக்கியம், நிலத்தை வித்துக் கொடுக்காதீங்க. குத்தகைக்குக் கொடுங்க, பார்க்கா ஓடுற வரைக்கும்தான் குத்தகைன்னு பத்திரத்துலயே எழுதுங்க. ஆர்லாண்டோவுல நிலமும் பார்க்கும் ஒரே கைக்கு வந்த ரெண்டே வருஷத்துல மூடப் போறோம்னு அறிவிப்பு வந்துருச்சு. நம்ம ஊர்ல ரியல் எஸ்டேட் போர்டு நட அவ்வளவு நேரம் கூட எடுத்துக்க மாட்டாங்க.